மலைக்கு எத்தனை வயது?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலை மாணவர் சிலரை நுவரெலியாவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கல் என்றால் கிணறு வெட்டும்போது கிளம்புகின்ற வெள்ளைச் சுண்ணக்கல்தான். வீதி அமைப்பதற்காக மலையை வெட்டியிருந்த ஓரிடத்தில், கருமையும் வெண்மையும் வரிவரியாக ஓடிய பாறையைத் தடவிப் பார்த்த மாணவி ஒருத்தி, "சேர், இந்த மலைக்கு எத்தனை வயது?" என்று கேட்டாள். நான் எப்போதோ வாசித்ததை நினைவிற்கொண்டு, "ஏறத்தாழ 55 கோடி ஆண்டு" என்றேன். உடன் வந்த ஆசிரியரோ தம் கையிலிருந்த நூலைப் புரட்டி, "200 கோடிக்கும் மேல்" என்றார். பிள்ளைகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். இருவருள் ஒருவர் பிழை சொல்கிறார் என்பது அவர்களின் தீர்ப்பு. அதை மறுக்க எனக்கு அன்று வழி தெரியவில்லை.

நான் கலைப் பட்டதாரி; பாறைகளைப் பற்றி முறையாகக் கற்றவனல்லன். அந்தப் பிள்ளைகளுக்குக் கடன்பட்டுவிட்டோமே என்ற உறுத்தலால் தேடி வாசித்து அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தக் கதை நம் நாட்டிலிருந்தே தொடங்குகிறது என்பது எனக்கு வியப்பூட்டிய செய்தி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி அவர்கள். கலைப் பட்டதாரியாகிய நான் அவரைச் சிவநடனத்தின் வழியாகவே அறிந்திருந்தேன். சுத்தியலும் கையுமாக மலைகளில் திரிந்த குமாரசுவாமியைப் பிற்பாடே அறிந்தேன். 1904 ஆம் ஆண்டிலே சபரகமுவாப் பகுதியிலிருந்து கிடைத்த, கரிய, மிகுந்த பாரமுடைய சதுர மணிகள் புதியதொரு கனிப்பொருள் என்று உணரப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு. தோரியம் மிகுதியாக அடங்கியிருந்தமையால் அதற்குத் தோரியனைற்று என்று பெயராயிற்று. யுரேனியமும் அதனுள் உண்டு.

யுரேனியம், தோரியம் ஆகிய இரண்டும் கதிர்த்தொழிற்பாடுடைய மூலகங்கள். அவை தாமாகவே சிதைந்து, பல படிகளைக் கடந்து, முடிவில் ஈயமாகின்றன. வெப்பமோ குளிரோ அமுக்கமோ இச்சிதைவின் வேகத்தை மாற்றுவதில்லை. யுரேனியத்தின் ஒரு வகை பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு செல்லும். மற்றொரு வகைக்கு 70 கோடி ஆண்டு போதும். தோரியத்திற்கோ 1,400 கோடி ஆண்டு வேண்டும். ஆகவே ஒரு மணியிலே எஞ்சிய மூலகம் எவ்வளவு, விளைந்த ஈயம் எவ்வளவு என்று அளந்தால் அம்மணியின் வயதைக் கணிக்கலாம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல்ற்வூட் என்னும் இரசாயன அறிஞர் 1907 ஆம் ஆண்டில் இவ்வழியிலே பல நாட்டுக் கனிப்பொருள்களுக்கு வயது கணித்து வெளியிட்டார். அவரது பட்டியலில் எல்லாவற்றினும் மூத்ததாக நின்றது இலங்கைத் தோரியனைற்று. அதற்கு அவர் கொடுத்த வயது 220 கோடி ஆண்டு. அக்கணக்குப் பிழையானது. தோரியம் ஈயமாக மாறுவதில்லை என்று அவர் கருதியிருந்தார். ஆதலால் தோரியம் தந்த ஈயத்தையும் யுரேனியத்தின் கணக்கிலேயே எழுதிவிட்டார். தோரியத்திலிருந்து வரும் ஈயம் சாதாரண ஈயத்தைவிடப் பாரமான அணுக்களையுடையது என்பதைப் பின்னர் பிரெட்ரிக் சொடி நிறுவினார். 1914 ஆம் ஆண்டிலே அவர் அதற்கு எடுத்துக்கொண்ட தோரைற்று என்னும் கனிப்பொருளும் இலங்கையிலிருந்து சென்றதே. நம் மண் தோற்றுவித்த பிழையை நம் மண்ணே திருத்தியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இக்காலத்து ஆய்வாளர் பெரிதும் நம்புவது சேர்க்கோன் என்னும் மணியை. மாணிக்க வியாபாரிகள் மாத்தறை வைரம் என்று விற்றது இதன் நிறமற்ற வகையையே. பாறைகளில் இது கண்ணுக்குப் புலப்படாத நுண்மணியாகக் கிடக்கும். உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும், ஈயத்தை ஏற்காது. எனவே உள்ளே காணப்படும் ஈயம் பெரும்பாலும் அங்கேயே பிறந்ததாகும். அன்றியும், யுரேனியத்தின் இரு வகைகளும் ஒரே மணியில் இருப்பதால், ஒரே பேழைக்குள் இரண்டு நாழிகை வட்டில்களை வைத்துப் பூட்டியது போலாகிறது. ஒன்று விரைந்து ஒழுகும். மற்றையது மெல்ல ஒழுகும். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் பேழையை இடையில் எவரும் திறக்கவில்லை என்று கொள்ளலாம். காட்டாவிடின் ஈயம் கசிந்திருக்கிறது என்று ஐயுறவேண்டும்.

இம்மணியை அறுத்து மினுக்கிப் பார்த்தால் வெங்காயத்தின் உரிகளைப் போல உட்கருவும் புறவளையமும் தெரியும். ஒவ்வோர் உரியையும் தனித்தனியே அளப்பதற்கு, ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்களவு இடத்தை மட்டும் அயன் கற்றையாற் சுரண்டி எடுக்கும் கருவியொன்றைக் கன்பரா நகரின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கொம்ஸ்டன் குழுவினர் அமைத்தனர். அது 1980 அளவில் இயங்கத் தொடங்கிற்று. படிக்கல் இல்லாமற் தராசு என் செய்யும்? அக்கருவிக்குப் படிக்கல்லாக நெடுங்காலம் பயன்பட்ட மணி, 57 கோடியே 20 இலட்சம் ஆண்டு வயதுடைய ஓர் இலங்கைச் சேர்க்கோன். எஸ்.எல். 13 என்பது அதன் குறியீடு.

1987 ஆம் ஆண்டில் ஜெர்மனிய அறிஞர் அல்பிரட் குரோனர், கன்பரா அறிஞரோடும் பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளரோடும் சேர்ந்து, நமது மலைநாட்டுப் பாறைகளை இக்கருவியால் ஆராய்ந்து வெளியிட்டார். குவார்சைற்று என்னும் பாறையிலிருந்த சேர்க்கோன்களின் உட்கருக்கள் ஏறத்தாழ 240 கோடி முதல் 320 கோடி ஆண்டு வரை வயது காட்டின. குவார்சைற்று என்பது யாது? மணல் இறுகிய கல் மேலும் வெந்து உருமாறியது. ஆகவே அந்த மணிகள் அங்கே பிறந்தவையல்ல. வெவ்வேறு காலத்துப் பாறைகள் தேய, நீரால் அடித்துவரப்பட்டுப் படிந்தவை. மலைநாட்டிற் காணும் பளிங்குக்கல்லும் ஒருகாலத்தில் நீரடியிற் படிந்த சுண்ணக்கல்லே. உருகிய குழம்பாகப் பிறந்த பாறைகளும் அங்கே உள; அவற்றின் வரலாறு வேறு.

புறவளையங்கள் சொல்வது இன்னொரு காலத்தை. பின்வந்த ஆய்வுகளின்படி அவற்றின் வயது ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டு வரை. கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலம் அது. நிலத்துண்டுகள் மோதி நெருக்க, பழைய மணலும் களியும் சுண்ணமும் 25 கிலோமீற்றருக்கும் கீழே அமிழ்ந்து, 800 பாகை வெப்பத்தையும் கடந்து வெந்தன. தென்னிந்தியாவின் தென்பகுதியிலும் மடகஸ்காரின் தெற்கிலும் கிழக்கு அந்தார்ட்டிக்காவிலும் இதே கால வெப்பத்தின் தடம் காணப்படுகிறது. அந்நாளில் அவை நமக்கு அயலாக இருந்தன.

இப்போது எங்கள் வழக்குக்கு வருவோம். பிட்டு அவிந்தது இன்று காலை. அதன் அரிசி விளைந்தது சென்ற போகம். நான் சொன்ன 55 கோடி பாறை வெந்த காலம். நண்பர் சொன்ன 200 கோடிக்கும் மேற்பட்ட காலம் அதன் மணிகள் பிறந்த காலம். இருவரும் பிழை சொல்லவில்லை. எதன் வயது என்று சொல்லாமல் விட்டதே எங்கள் குற்றம். போல்ற்வூட்டின் 220 கோடியும் மலைநாட்டின் பழமையோடு ஏறக்குறைய ஒத்துவருகிறதே என்று சிலர் கேட்கலாம். அவர் அளந்த மணி மிக இளையது. பிழையான வழியில் நல்ல எண்ணொன்று வந்து நின்றால், கணித ஆசிரியர் எவரும் அதற்குப் புள்ளி இடமாட்டார்.

ஊர் திரும்பிய சில மாதங்களின் பின் அந்த வகுப்புக்கே சென்று இவற்றைச் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவி சிறிது யோசித்து, "அப்படியானால் அந்த மணல் வந்த பழைய மலை இப்போது எங்கே, சேர்?" என்றாள். அது முற்றாகத் தேய்ந்திருக்கக் கூடும், அதிலிருந்து நமக்கு எஞ்சியவை இந்த மணிகள்தாம் என்றேன். நமது மலைகளும் அவ்வாறே தேய்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் சேர்க்கோன்கள் புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில், இல்மனைற்றோடு கலந்து, இன்றும் படிந்து கிடக்கின்றன.