காலைக் கஞ்சி: குழந்தைகள் மறுக்காமல் குடிக்க

(நம் நலச்சங்கத்தின் பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியையான நம் குடியிருப்புவாசி ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



காலை ஏழு மணிக்கு நம் வாசலில் பள்ளி வேன்கள் வந்து நிற்கின்றன. ஏறுகிற பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். சிலர் கையில் பிஸ்கட். சிலர் அரை டம்ளர் பாலோடு கிளம்பியவர்கள். சிலர் ஒன்றுமே சாப்பிடாதவர்கள். அடுத்து அவர்கள் வாயில் ஏதாவது போவது பத்தரை மணி இடைவேளையில்தான். முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட குழந்தை, பதினான்கு மணி நேரம் ஏறக்குறைய வெறும் வயிற்றோடு இருக்கிறது. அதற்குள் கணக்குப் பாடமும் முடிந்துவிடுகிறது.

பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை உணர்ந்துதான் தமிழக அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகப் பரிமாறுகிறார்கள். தனியார் பள்ளிக்கு வேனில் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சூடான சாப்பாட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். இட்லி, தோசை இருக்கும் நாளில் கவலை இல்லை. மாவு தீர்ந்துபோன நாளுக்கும், "மெல்ல நேரமில்லை" என்று குழந்தை அடம்பிடிக்கும் நாளுக்கும் என் பரிந்துரை கஞ்சி.

கஞ்சி என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. காய்ச்சல் வந்தால் குடிப்பது என்று நினைக்கிறோம். "எங்கள் வீட்டில் கேழ்வரகைத் தொடவே மாட்டார்கள்" என்றும் சொல்கிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கேழ்வரகின் மீது கோபம் இல்லை. கட்டி, பச்சை வாசனை, மேலே படியும் ஆடை, இந்த மூன்றும்தான் பிடிப்பதில்லை. மூன்றையும் நம்மால் சரிசெய்ய முடியும்.

முதலில் கட்டி. கொதிக்கிற தண்ணீரில் மாவைத் தூவினால், வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகிவிடும். உள்ளே உலர்ந்த மாவு மாட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு கிளறினாலும் உடையாது. ஆகவே மாவை எப்போதும் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே அடுப்புக்குக் கொண்டு போங்கள்.

அடுத்து பச்சை வாசனை. கஞ்சி கெட்டியானவுடன் வெந்துவிட்டது என்று இறக்கிவிடுகிறோம். கெட்டியாவது இரண்டே நிமிடத்தில் நடக்கும். வேக இன்னும் ஐந்தாறு நிமிடம் வேண்டும். கேழ்வரகுக் கஞ்சி நிறம் கருத்து, பளபளப்பாகி, வாசனை மாறினால்தான் வெந்ததாக அர்த்தம்.

மூன்றாவது ஆடை. இறக்கியவுடன் மூடி வையுங்கள். கொடுக்கும்முன் ஒரு முறை நன்றாக ஆற்றுங்கள். அவ்வளவுதான்.

இனி செய்முறைக்கு வருகிறேன். அளவெல்லாம் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றுக்கு.

கேழ்வரகுக் கஞ்சி: மாவு குவியலாக இரண்டு மேசைக்கரண்டி, சுமார் 25 கிராம். அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு அரை டம்ளரைக் கொதிக்கவிட்டு, கரைசலை ஊற்றிக் கிளறி, சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வேகவையுங்கள். பிறகு காய்ச்சிய பால் அரை டம்ளர். வெல்லம் போடுவதானால் கரைத்து வடிகட்டி, இறக்கிச் சற்று ஆறிய பின் சேருங்கள். அடுப்பில் இருக்கும்போது சேர்த்தால் பால் திரிந்துவிடும். ஒரு சிட்டிகை ஏலக்காய்த்தூள் போதும்.

இந்த ஒரு கிண்ணத்தில் என்ன இருக்கிறது? கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் இருப்பது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 25 கிராம் மாவும் 100 மில்லி பாலும் சேர்ந்தால் சுமார் 200 மில்லிகிராம். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 550. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலையிலேயே வந்துவிடுகிறது.

இனிப்பு பிடிக்காத பிள்ளைகளுக்கு நொய்க்கஞ்சி: பச்சரிசி இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு. வாசனை வரும்வரை தனித்தனியே வறுத்து, ஆறியபின் மிக்ஸியில் ரவை பதத்துக்கு உடைத்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் மூன்று மேசைக்கரண்டிக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர், சீரகம், ஒரு பல் பூண்டு, உப்பு. குக்கரில் மூன்று விசில். இறக்கி அரைத் தேக்கரண்டி நெய் விடுங்கள். அரிசியும் பருப்பும் சேர்வதால் புரதமும் நன்றாகக் கிடைக்கும். கேரட்டைத் துருவிப் போட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கோதுமை ரவைக் கஞ்சி: முதல் நாள் இரவே குக்கரில் குழைய வேகவைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் பால் விட்டு, நன்றாகக் கொதிக்கும்வரை சூடாக்கி, கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தால் சர்க்கரையே வேண்டாம்.

இப்போது கெட்டி, நீர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. குடிக்கச் சுலபம் என்று கஞ்சியைத் தண்ணீராக்கிவிடுகிறோம். சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பிவிடும். அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழிய வேண்டும், கொட்டக் கூடாது. அதே கெட்டியில் இன்னும் கொஞ்சம் மாவு சேர்க்க வழி உண்டா என்றால், உண்டு. அதுதான் முளைகட்டிய கேழ்வரகு. தானியம் முளைவிடும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி ஒன்று உருவாகிறது. அதனால் முளைகட்டிய மாவில் செய்த கஞ்சி அவ்வளவு இறுகாது. கூடுதல் மாவு பிடிக்கும். செரிமானமும் எளிது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உடலில் சேர்வதைத் தடுக்கும் பொருளும் முளைகட்டும்போது குறைகிறது.

கேழ்வரகைக் கல் அரித்து, எட்டு மணி நேரம் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளில் முளை வந்துவிடும். உலர்த்தி, லேசாக வறுத்து, மில்லில் கொடுங்கள். மிளகாய் அரைத்த கையோடு அரைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மாவைப் பரப்பி முழுக்க ஆறவிட்ட பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூடாக அடைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கம்பு மாவு மட்டும் கொஞ்சமாக அரையுங்கள். அதில் எண்ணெய்ப் பசை அதிகம், சீக்கிரம் கசந்துவிடும்.

"இருபது தானியம் போட்ட சத்துமாவு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தானியத்துக்கும் வறுபடும் நேரம் வேறு. குழந்தைக்கு ஒவ்வாமல் போனால் எது காரணம் என்றும் தெரியாது. அரைக் கிலோ கேழ்வரகு, கால் கிலோ பாசிப்பயறு, நூறு கிராம் பொட்டுக்கடலை, ஐந்தாறு ஏலக்காய். இது போதும்.

கடையில் விற்கும் டப்பாப் பொடிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், பாலில் கலக்கும் பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. டப்பாவைத் திருப்பி, நூறு கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெல்லமும் சர்க்கரைதான் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு தேக்கரண்டிக்கு மேல் பழக்காதீர்கள்.

சில எச்சரிக்கைகள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. உப்பும் சர்க்கரையும் வேண்டாம். ஐந்து வயதுக்குள் முழு முந்திரி, பாதாம், வேர்க்கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும், பொடித்துச் சேருங்கள். கஞ்சியின் மேற்பரப்பு ஆறியிருந்தாலும் அடியில் சூடு நிற்கும். நீங்கள் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக அப்பாக்களுக்கு. இன்று பின்வரிசையில் நான்கு பேர்தான் இருக்கிறீர்கள், வந்ததற்கு மகிழ்ச்சி. வேலைக்குப் போகும் அம்மா ஐந்து மணிக்கு எழுந்து மதியச் சாப்பாடும் கட்டி, கஞ்சியும் கிளற வேண்டும் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. கஞ்சிக்கு வேண்டியது பத்து நிமிடமும் நிற்க ஒரு ஆளும். அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம், தாத்தாவாகவும் இருக்கலாம்.

மில்லுக்கு ஒவ்வொரு வீடும் தனித்தனியே அலைய வேண்டியதில்லை. நாலைந்து வீடுகள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானியத்தை மொட்டை மாடியில் காயவைத்து, ஒருவர் வண்டியில் கொண்டு போய் அரைத்து வந்தால் போதும். நம் காவலாளியின் இரண்டு பிள்ளைகளும் அதே நேரத்தில்தான் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். அவர்கள் வீட்டுக்கும் சேர்த்து ஒரு கிலோ கூடுதலாக ஊறவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.