"வழக்கை நிறுத்தி வைத்துவிட்டார்களாம்": வெளிநாட்டில் பிள்ளை புகலிடம் கேட்டிருக்கும் குடும்பங்களுக்கு
(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

காணி உறுதி பற்றியும் வீட்டுத் திட்டம் பற்றியும் முன்னர் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது வேறு விடயம். நீங்கள் ஊர் திரும்பிவிட்டீர்கள். ஆனால் பல வீடுகளில் குடும்பம் முழுவதும் திரும்பவில்லை. மகனோ கணவரோ வெளிநாட்டில் புகலிடம் கேட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார்.

போன கூட்டம் முடிந்த பிறகு ஒரு தாய் என்னிடம் வந்தார். "தம்பி, என்ர மகன் அமெரிக்காவில அரசாங்கத்துக்கு எதிரா வழக்குப் போட்டவன். இப்ப வழக்கை நிப்பாட்டிப்போட்டாங்களாம். இனி அவனைத் திருப்பி அனுப்பிவிடுவாங்களோ?" என்று கேட்டார். இரண்டு இரவாக நித்திரை இல்லையாம். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. நான் சொல்வது அமெரிக்காவைப் பற்றி மட்டுமே. கனடாவிலோ பிரித்தானியாவிலோ பிள்ளைகள் இருப்பவர்கள் இதை அப்படியே அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில், ஏன் வழக்குப் போடுகிறார்கள்? விசேட காரணம் இல்லாவிட்டால் புகலிட விண்ணப்பத்தை 180 நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த 180 நாளைக் காட்டி வழக்காட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. விசித்திரம்தான். 2018 ஜனவரி இறுதியிலிருந்து புதிதாக வரும் விண்ணப்பங்களை முதலில் எடுக்கத் தொடங்கினார்கள். பழைய விண்ணப்பங்கள் பின்னுக்குப் போயின. ஆகவே சட்டத்தரணிகள் வேறொரு வழியைப் பிடித்தார்கள். அரச திணைக்களம் ஒரு விடயத்தை நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற பொதுச் சட்டத்தின் கீழ் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறார்கள்.

அந்த வழக்கில் "எனக்குப் புகலிடம் தா" என்று கேட்பதில்லை. "ஆமோ இல்லையோ, ஒரு முடிவைச் சொல்" என்றுதான் கேட்கிறார்கள். அந்த நீதிபதி புகலிடம் கொடுப்பவரும் அல்ல, மறுப்பவரும் அல்ல.

வழக்குப் போட்ட பின் அரசாங்கம் பதில் சொல்ல 60 நாள் இருக்கிறது. அதற்குள் பல வழக்குகளில் அரசாங்கத்தின் சட்டத்தரணி மகனின் சட்டத்தரணியோடு பேசுவார். "இன்ன திகதியில் நேர்முக விசாரணை வைக்கிறோம். அதன் பிறகு இத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல முயற்சிக்கிறோம். அதுவரை வழக்கை நிறுத்தி வைப்போம்" என்பார். அந்த நாள் கணக்கு பெரும்பாலும் 120 என்று எழுதப்படும். இரு பக்கமும் ஒத்துக்கொண்டு மனுக் கொடுத்தால் நீதிபதி கையெழுத்திடுவார். இதைத்தான் மகன் வாட்ஸ்அப்பில் "நிப்பாட்டிப்போட்டாங்கள்" என்று சொல்லியிருக்கிறார். நிற்பது வழக்கு மட்டுமே. விண்ணப்பம் நிற்கவில்லை, அது இப்போதுதான் நகரத் தொடங்குகிறது. எங்களூர்க் காணி வழக்கில் தவணைக்கு மேல் தவணை போடுவது போன்றதல்ல இது.

ஆனால் மகனிடம் ஒன்று கேளுங்கள்: வழக்கு நிறுத்தி வைக்கப்பட்டதா, தள்ளுபடி செய்யப்பட்டதா? நிறுத்தி வைத்திருந்தால், சொன்னபடி விசாரணை நடக்காவிட்டாலோ முடிவு வராவிட்டாலோ அதே வழக்கைத் திரும்ப நடத்தக் கேட்கலாம். தள்ளுபடி என்றால், அது மீண்டும் போடக்கூடிய தள்ளுபடியாக இருந்தாலும், புது வழக்கு, புதுக் கட்டணம். சட்டத்தரணி தந்த கடிதத்திலேயே அது எழுதியிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முடிவு விரைந்து வரும் என்றால் பாதகமான முடிவும் விரைந்து வரலாம். அதிகாரி புகலிடம் கொடுக்காவிட்டால், வேறு விசா இல்லாதவரின் விண்ணப்பம் குடிவரவு நீதிபதியிடம் அனுப்பப்படும். அங்கே முழுக் கதையும் புதிதாகக் கேட்கப்படும். அன்றைக்கே விமானத்தில் ஏற்றிவிடுவதில்லை.

இனி, இங்கே இருக்கும் உங்களுடைய வேலை. விசாரணைத் திகதி வந்ததும் மகன் அவசரமாகப் பத்திரங்கள் கேட்பார். விசாரணைக்குக் குறைந்தது ஒரு கிழமைக்கு முன் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதும் வழக்கம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைப் பிரதேச செயலகத்தில் இப்போதே எடுத்து வையுங்கள். பழைய பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்ட பற்றுச்சீட்டு, ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி, முகாம் அட்டை, இந்தியாவில் இருந்தவர்களின் அகதி அட்டை என எதையும் எறிய வேண்டாம். தமிழிலோ சிங்களத்திலோ உள்ளவற்றுக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும்.

இல்லாத கடிதத்தைக் காசு கொடுத்து எழுதுவிக்காதீர்கள். தெரிந்துகொண்டே பொய்யான விண்ணப்பம் கொடுத்தார் என்று தீர்ப்பானால், அந்த நாட்டில் குடிவரவு நன்மை எதுவும் பெற முடியாதபடி ஆயுள் முழுவதும் தடை விழும். "குடும்பம் ஊருக்குத் திரும்பிவிட்டதே, உமக்கு என்ன பயம்?" என்று அதிகாரி கேட்கக்கூடும். அதற்காக நீங்கள் திரும்பியதை மறைக்கச் சொல்லாதீர்கள். உங்களுக்கு இல்லாத ஆபத்து அவருக்கு இருக்கலாம், அதை அவர் தன் வாயால் விளக்க வேண்டும். நீங்கள் திரும்பிய திகதியை அவருக்குச் சரியாகச் சொல்லிவிடுங்கள். இங்கே ஒரு திகதி, அங்கே ஒரு திகதி என்றால்தான் சிக்கல்.

அடுத்தது, எனக்கே சொல்லக் கஷ்டமான விடயம். புது வீடு கட்டுகிறீர்கள். குடிபூரலுக்கு மூத்தவன் வந்து நிற்க வேண்டும் என்று எந்தத் தாய்க்குத்தான் ஆசை இராது? ஆனால் முடிவு வருமுன் அவர் முன் அனுமதி இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கருதுவார்கள். அனுமதி எடுத்துக்கொண்டு போனாலும், பயந்து ஓடி வந்த நாட்டுக்கே போய்த் திரும்பினால், வலுவான காரணம் காட்டாதவரை அதே கதிதான். வருடக்கணக்காகக் காத்திருந்ததும் வழக்குப் போட்டதும் ஒரு பயணத்தோடு போய்விடும். செத்த வீடு என்றாலும் சட்டத்தரணியைக் கேளாமல் விமானச்சீட்டு எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குடிபூரலை வீடியோவில் காட்டுங்கள்.

கணவருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயரும் எல்லாப் பிள்ளைகளின் பெயர்களும் விண்ணப்பத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். புகலிடம் கிடைத்தால் மனைவியையும் 21 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளைகளையும் அழைக்க இரண்டு வருடத்துக்குள் அவர் விண்ணப்பிக்க வேண்டும்.

கடிதங்களைக் கையோடு கொண்டு வந்தவர்கள் முன் மேசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்கிறேன். தொலைபேசியில் படமாக வைத்திருப்பவர்களும் வரலாம்.