வலி தெரியாத விரல்கள்

போச்சம்பள்ளி சந்தையில் நடக்கும்போது காலில் முள் தைத்தால், "அம்மா!" என்று பாதத்தைத் தூக்கிவிடுகிறோம். அந்த வலியே தெரியாமல் போனால்?

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராக 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். ஆனால் நிமிர்ந்த விரல்களும் புண்ணாகித் தேய்ந்தனவே, ஏன்?

ஒருநாள் துருப்பிடித்த பூட்டோடு அவர் மல்லுக்கட்டினார். தொழுநோய்க்குச் சிகிச்சையில் இருந்த ஒரு சிறுவன் சாவியை வாங்கி, சட்டென்று திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. எலும்பு தெரியுமளவு விரல் கிழிந்திருந்தது. பையனுக்கோ ஒன்றும் தெரியவில்லை! விரலைத் தின்றது நோயல்ல, வலி உணராமையே என்று அவருக்குப் பிடிபட்டது. இதைவிடப் பெரிய மருத்துவப் பாடத்தை நான் கேட்டதில்லை.

பிறகு, வலி உணராத பாதங்களையும் காக்க, கத்தியோடு செருப்பையும் கையில் எடுத்தார். அழுத்தம் தாங்கும் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகத்தை வேலூரில் அவரும் சகாக்களும் உருவாக்கினார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இன்று டாக்டர்கள் எழுதித்தரும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு அந்த வழியில் வந்ததுதான். வீட்டில் யாருக்காவது கால் மரத்திருந்தால், இன்று இரவு அவர் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.