கண்ணில் படாத கேமரா



கேமரா வாங்கக் கடைக்குப் போகிறவர் கண்ணாடிப் பெட்டியில் காண்பது கேனன், நிக்கான், சோனி. பெண்டாக்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் பல கடைகளில் உதட்டைப் பிதுக்குவார்கள்.

தரம் குறைந்த பொருளா அது? இல்லை. ஜப்பானின் முதல் 35 மில்லிமீட்டர் எஸ்எல்ஆர் கேமராவை 1952இல் செய்ததே பெண்டாக்ஸின் தாய் நிறுவனமான அசாஹி ஆப்டிகல்தான். 1975இல் வந்த கே மவுண்ட் லென்ஸைப் பெண்டாக்ஸ் டிஜிட்டல் எஸ்எல்ஆரிலும் பொருத்திப் படம் எடுக்கலாம். அப்பாவின் லென்ஸ் பிள்ளைக்கும் உதவும்.

பிறகு ஏன் கடையில் இல்லை? கேட்பவர் குறைவு என்பதால் கடைக்காரர் வாங்கி வைப்பதில்லை. வைக்காததால் கேட்பவர் இன்னும் குறைகிறார். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்காத சரக்கில் முடங்குவது அவருடைய முதல். இதற்கிடையே நிறுவனமும் 2008இல் ஹோயாவுடன் இணைக்கப்பட்டு, 2011இல் ரிக்கோவிடம் கைமாறியது. 2022இல் ஜப்பானிலேயே இணையவழி நேரடி விற்பனைக்கு மாறப்போவதாக ரிக்கோ அறிவித்தது.

இணையத்தில் வாங்கலாமே என்பார்கள் எதிரணியினர். வாங்கலாம். ஆனால் பிடி கைக்கு அடங்குகிறதா, கனம் தோளுக்குத் தாங்குமா, கண்வைத்துப் பார்த்தால் காட்சி தெளிவாகத் தெரிகிறதா என்பதைக் கணினித் திரை சொல்லாது. முதன்முறை வாங்குகிறவர் தொட்டுப் பார்க்காத பொருளுக்குப் பணம் கட்டத் தயங்குவார். பக்கத்தில் இருப்பதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

நகருக்கு ஒரு கடையிலாவது தொட்டுப் பார்க்க ஒரு கேமராவை நிறுவனம் வைக்கட்டும். வாங்குபவரும் பெயர் சொல்லிக் கேட்கட்டும். கேட்காத பொருள் அலமாரிக்கு வராது.