கரையோரத் திட்டமும் ஊரார் கருத்தும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசுவதே வழக்கம். திட்டம், வரைபடம், வர்த்தமானி என்று நாம் பேசத் தொடங்கினால் பின்வரிசையில் இருப்பவர்கள் மெல்ல எழுந்து தேநீர்க் கடைப்பக்கம் போய்விடுவார்களோ என்ற அச்சம் எமக்கு இல்லாமலில்லை. ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட விடயம் நமது கரையையும், வாவியையும், கிணற்று நீரையும் பற்றியது. இன்னும் இருபது முப்பது ஆண்டுகளில் இவ்வூர்கள் எப்படி இருக்கவேண்டும் என்று எங்கோ ஒரு மேசையில் கோடு கிழிக்கப்படும்போது, இங்கே வாழும் நாம் என்ன சொல்லப்போகிறோம்? அதனை எப்போது, யாரோடு சேர்ந்து சொல்லப்போகிறோம்? இதுவே எமது கேள்வி.

ஓட்டமாவடிப் பாலத்தை அறியாதவர் இங்கே எவருமில்லை. புகையிரதமும் மோட்டார் வண்டிகளும் ஒரே இரும்புப் பாலத்தால் மாறி மாறிப் போன காலத்தைப் பெரியோர் நன்கறிவர். இன்று அதனருகே புதுப் பாலம் வந்துவிட்டது. பாலத்தின் கீழே ஓடும் நீர் மாதுறு ஓயாவின் வெள்ளத்தையும் வயல்களின் வடிச்சலையும் சுமந்துகொண்டு நாசிவன்தீவுப் பக்கமாகக் கடலைச் சேர்கின்றது. அங்கிருந்து சிறிது தூரத்திலே கல்குடாவும் பாசிக்குடாவும் உள்ளன. இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்து செல்லக்கூடிய கடல் பாசிக்குடாவின் சிறப்பு. அதனாலேயே அக்கரையின்மேல் வெளியார் கண் வெகுகாலத்துக்கு முன்னரே விழுந்துவிட்டது.

1966 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இலங்கை உல்லாசப் பயணச் சபை அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே நாடு முழுவதற்குமான பத்தாண்டுத் திட்டமொன்று வரையப்பட்டது. வரைந்தவர்கள் ஹரிஸ், கேர், போஸ்டர் என்னும் கம்பனியார். ஹவாய்த் தீவின் ஹொனலுலுவிலிருந்து வந்தவர்கள். நாட்டில் ஐந்து உல்லாசப் பிரதேசங்களை அவர்கள் தெரிந்தெடுத்தார்கள். அவற்றுள் ஒன்று கிழக்குக் கரை. எழுபதுகளில் கல்குடா, பாசிக்குடாக் கரையிலே விடுதிகள் எழுந்தன. 1978 நவம்பர் 23 ஆந் திகதி வீசிய சூறாவளி அவற்றைச் சிதைத்தது. பின்னர் யுத்தம் வந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் பாசிக்குடா உல்லாச விடுதி வலயமாக மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, இன்று வரிசையாகப் பெரிய விடுதிகள் நிற்கின்றன.

இவ்வளவு நீண்ட வரலாற்றில் எந்தக் கட்டத்திலாவது இக்கரையூர் மக்களை அழைத்து, “உங்கள் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டதுண்டா? கேட்டார்கள் என்று எம் மூத்தோர் எவரும் சொல்ல நாம் கேட்டதில்லை. விடுதிகள் எழுந்தபின், தோணி கரையேற்றும் இடம் சுருங்கிப்போயிற்று என்று பாசிக்குடா மீனவர் முறையிட்டதையே கேட்டோம். விடுதிகள் வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. நமது தம்பிமார் சிலர் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார்கள். அச்சம்பளத்தில் சில வீடுகளில் அடுப்பெரிகிறது. தோணிக்கும் விடுதிக்கும் சேர்த்து முன்னரே இடம் ஒதுக்கியிருக்க முடியாதா என்பதுதான் எமது வினா. தோணி இழுக்க எவ்வளவு மணல் வேண்டும், எந்தக் காற்றுக்கு எந்த மூலையில் ஒதுங்கவேண்டும் என்பதெல்லாம் மீனவனுக்குத் தெரியும். கேட்டிருந்தால் அரைமணி நேரத்தில் சொல்லியிருப்பான்.

மிஷன் பள்ளியிலே படித்த காலத்தில், கோபுரம் கட்டப் புகுந்தவன் முதலில் இருந்து கணக்குப் பாராமற்போன கதையை எமக்குச் சொல்லித் தந்தார்கள். காசுக் கணக்கைப் பற்றியதென்றே அக்கதையை அன்று விளங்கிக்கொண்டோம். கணக்கில் தண்ணீரும் மணலும் வெள்ளமும் சேரவேண்டும் என்பது வாழைச்சேனைக் காகித ஆலையைப் பற்றிப் படித்தபோதுதான் தெரிந்தது. 1956 இல் அவ்வாலை இயங்கத் தொடங்கியது. வயலிலே எரித்துவிடும் வைக்கோலைக் காகிதமாக்கியது. எத்தனையோ குடும்பங்களை வாழவைத்தது. அதன் பெருமை பெரிது. எனினும் வைக்கோலை அவித்த கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு வாவிதான் விடையாயிற்று. வாவியிலே வலை வீசுபவனிடம் அக்கேள்வியை யாரும் முன்கூட்டிக் கேட்டிலர்.

நிற்க. நமது கரைக்குத் தெற்கே, பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் 2005 ஆம் ஆண்டு நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கடல் பொங்கி நூறு நாள் ஆவதற்குள் கரையில் வீடு கட்டுதலுக்குத் தடை வந்தது. வடக்கு கிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றர், தெற்கு மேற்கிலே 100 மீற்றர் என்று எல்லை வகுத்தார்கள். குடிசை இழந்தவன் பழைய நிலத்தில் தடி நாட்டக்கூடாது. அதே காலத்தில் அறுகம்பைக்கு ஒரு வளர்ச்சித் திட்டம் வெளிவந்தது. கோமாரியிலிருந்து பாணமை வரையிலான கரையை உல்லாசப் பயணிகளுக்காக ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம். மீனவர்களும் சிறு விடுதிக்காரரும் கொதித்தெழுந்தார்கள். “எங்களுக்கு ஆபத்தான கரை, விருந்தாளிக்கு மட்டும் ஆபத்தில்லையோ?” என்பது அவர்கள் கேள்வியின் சாரம். கனடிய எழுத்தாளரான நவோமி கிளைன் 2007 இல் வெளியிட்ட நூலிலே இச்சங்கதியை எழுதியதனால் உலகம் முழுவதும் அறுகம்பையின் பெயர் அடிபட்டது. தடை எல்லை 2005 இன் இறுதியிலேயே தளர்த்தப்பட்டது. திட்டமும் ஏட்டில் எழுதியபடி நிறைவேறவில்லை.

இதனை வெற்றி என்று சிலர் சொல்வர். பாதி வெற்றி என்றே நாம் கருதுகிறோம். எதிர்ப்பு ஒரு திட்டத்தை மறிக்கும். நல்ல திட்டத்தை ஆக்கித்தராது. அறுகம்பை மக்கள் வாய் திறக்கும்போது கோடுகள் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தன. ஆகவே “வேண்டாம்” என்ற ஒரு சொல்லே அவர்களுக்கு எஞ்சியிருந்தது. கோடு கிழிக்குமுன் பேசுபவனுக்கோ “இப்படிச் செய்யுங்கள்” என்று சொல்ல வாய்ப்பு உண்டு.

அதற்குச் சட்டத்திலே இடம் இருக்கின்றதா என்று பெரியோர் கேட்பீர்கள். இருக்கிறது; நாம் பயன்படுத்துவதில்லை. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம், கரையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரையும் கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக்கி, அவ்வலயத்துக்கான திட்டத்தைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துரைக்க வழி வைத்திருக்கிறது. தேசிய சுற்றாடற் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெரிய வேலைத்திட்டம் ஒன்றின் சுற்றாடல் தாக்க அறிக்கையை மக்கள் பார்த்து 30 நாளுக்குள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். எல்லாவற்றிலும் எமக்குப் பிடித்தது 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட வேலைத்திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அதன் விபரத்தை அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அது சொல்கிறது. நமது நாட்டில் முன்னறிவித்தல் கல்யாண வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் மட்டுமே உரியதென்று நினைத்திருந்தோம்; வேலைத்திட்டத்துக்கும் உண்டாம்!

சட்டம் ஒன்று, நடப்பு வேறொன்று. சென்ற ஆண்டு ஒரு கந்தோரின் அறிவித்தற் பலகையிலே, பொதுமக்களின் கருத்தைக் கோரும் தாளொன்றைக் கண்டோம். அது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. கருத்து அனுப்பவேண்டிய இறுதித் திகதி, நாம் அதை வாசித்த நாளுக்கு நாலு நாள் முந்தியது. மிஷன் பள்ளியில் கற்ற ஆங்கிலம் அன்று ஒரேயொரு காரியத்துக்கு உதவியது: காலம் கடந்துவிட்டது என்பதை வாசித்து அறிந்தோம்! அந்தக் கந்தோர் எதுவென்று இங்கே சொல்லப்போவதில்லை. தமிழும் அரச கரும மொழியாக இருக்கும் நாட்டிலே, தமிழில் அறிவித்தல் தா என்று கேட்பது மன்றத்தின் வேலை என்பதற்காகவே சொன்னோம்.

இனி, எதைச் சொல்வது? “எமது ஊருக்கு அபிவிருத்தி வேண்டும்; கௌரவ அமைச்சர் கவனிக்கவும்” என்று எழுதும் விண்ணப்பங்களால் ஒரு பயனுமில்லை. அப்படிப்பட்ட விண்ணப்பம் எந்த ஊருக்கும் பொருந்தும். ஆகவே எந்த ஊருக்கும் உதவாது. நமக்கு மட்டும் தெரிந்ததை நாம் எழுதவேண்டும்.

தமிழ்நாட்டிலே 2023 இல் கரையோர வலயத் திட்டத்தின் வரைபடங்களை மக்கள் பார்வைக்கு வைத்தபோது, மீனவர்கள் எழுந்து, “எங்கள் குப்பம் எங்கே? வலை காயப்போடும் இடம் எங்கே?” என்று கேட்டார்கள். பல இடங்களில் அவை வரைபடத்தில் குறிக்கப்படவில்லை. வரைபடத்தில் இல்லாத இடம் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் நிலம். வெறும் நிலத்தை யாருக்கும் கொடுக்கலாம். நமது தோணித்துறைகளும், கரைவலை இழுக்கும் பாடுகளும், வாவியோரக் கண்டற்காடுகளும் எத்தனை வரைபடங்களில் பெயரோடு இருக்கின்றன?

தண்ணீரும் அப்படியே. கரையோர மணலிலே மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. இதிலே பயங்கரமும் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்து மேலே 1 அடி குறைந்தால், கீழேயிருந்து உவர் 40 அடி ஏறிவரும். நமது பெரியம்மா, மாமிமார் இந்தக் கணக்கைப் படித்ததில்லை. ஆனால் எந்த மாதத்தில் எந்தக் கிணறு சவர்க்கும், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு அவியாது என்பதை அவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். விடுதிக்கு எத்தனை அறை என்று தீர்மானிக்குமுன் அதிகாரிகள் கேட்டிருக்கவேண்டிய சாட்சியம் அது.

இப்போது சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்ல அனுமதிக்கவேண்டும். ஓட்டமாவடி முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். பாலத்துக்கு இப்பால் நாமும் அவர்களுமாகக் கலந்து வாழ்கிறோம். பிரதேச சபைகளும் செயலகங்களும் வெவ்வேறு. எல்லை பற்றியும் காணி பற்றியும் இருபக்கமும் உள்ள மனத்தாங்கல் சிறியதன்று. யுத்த காலத்தில் இருபக்கமும் இழந்தவை இன்னும் ஆறாத புண்கள். இளைஞர்கள் இதையெல்லாம் மறந்துவிட்டுப் பேசுகிறார்கள் என்று பெரியோர் எண்ணவேண்டாம். ஆனால் நடப்பதைப் பாருங்கள். நாம் ஒரு விண்ணப்பம் எழுதுகிறோம். அவர்கள் ஒன்று எழுதுகிறார்கள். ஒன்று கேட்பதை மற்றது மறுக்கிறது. மேசைக்குப் பின்னால் இருப்பவர் இரண்டையும் ஒரே கோவையில் செருகி, ஊராரிடையே உடன்பாடில்லை என்று எழுதிவிட்டுத் தம் விருப்பப்படி கோடு கிழிக்கிறார். இது அவருக்கு நாமே செய்து கொடுக்கும் வசதி.

காணிப் பிணக்கைத் தீர்த்த பிறகுதான் தண்ணீரைப் பற்றிப் பேசுவோம் என்றால், பேசும்போது தண்ணீர் இராது. வெள்ளம் பாலத்துக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே நாளில் ஏறுகிறது. மீராவோடையில் வடிகால் அடைபட்டால் வாழைச்சேனையில் முற்றம் நனையும். வெள்ளம், கிணறு, தோணித்துறை ஆகிய மூன்றையும் பற்றியாவது இருபக்கத்தாரும் ஒரே தாளில் ஒப்பமிடலாம். மற்றவை மற்ற நாளுக்கு இருக்கட்டும்.

இது ஆகாத காரியம் என்று எமக்குத் தோன்றவில்லை. மன்றத்து இளைஞர் சிலர் கடந்த மாரி முடிந்தபின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கொப்பியோடு புறப்பட்டோம். நாசிவன்தீவிலே ஒரு பெரியவர், முகத்துவாரத்து மணல்திட்டு தம் வயதுக்குள் எங்கெங்கே நகர்ந்ததென்று மணலிலேயே விரலாற் கீறிக் காட்டினார். பேத்தாழையிலே ஒரு அம்மா, வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவரில் கரிக்கோட்டால் ஆண்டுதோறும் அடையாளமிட்டு வைத்திருந்தார். ஓட்டமாவடிச் சந்தைப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர் முதலில், “தம்பி, இது யாருக்கு?” என்று ஐயத்தோடுதான் கேட்டார். விடயத்தைச் சொன்னதும் கடையை மகனிடம் விட்டுவிட்டு எம்மோடு நடந்துவந்து, மழைநீர் எந்த ஒழுங்கையால் இறங்கி எந்த மதகில் தேங்குகிறதென்று காட்டினார். போகும்போது, “எங்கட பொடியன்மாரையும் கூட்டிக்கொண்டு போங்க” என்றார்.

அந்தக் கொப்பி இன்று காரியதரிசியிடம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நாலு பத்திகள்: இடத்தின் பெயர், அங்கே நடப்பது என்ன, எந்த மாதத்தில், சொன்னவர் யார். கல்குடாப் பக்கமும் கும்புறுமூலைப் பக்கமும் இன்னும் எழுதப்படவில்லை. பழைய தோணித்துறைகளின் பெயர்கள் தெரிந்த பெரியோர் சபையிலே பலர் இருக்கிறீர்கள். கூட்டம் கலையுமுன் உங்கள் வசதியான நாளைச் சொன்னால் தம்பிமார் வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்வார்கள். ஓட்டமாவடி இளைஞர்கள் தங்கள் பக்கத்துக்கு இதேபோல ஒரு கொப்பி போட ஒப்பியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்த மாரி தொடங்குமுன் சேர்த்து, தமிழில் ஒரு படியும் சிங்களத்தில் ஒரு படியும் ஆங்கிலத்தில் ஒரு படியும் ஆக்கி, இரு பிரதேச சபைகளுக்கும், நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும், கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவதாக உத்தேசம். ஆங்கிலப் படியை நாம் எழுதுகிறோம். சிங்களத்துக்கு ஆள் தேடுகிறோம். தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்.