கொள்ளைநோய்க்குப் பின் நம் பள்ளத்தாக்கின் பருவக் காய்ச்சல்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்த பின்னர் மருத்துவம் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்துள்ளனர். கணக்கைக் கேட்டுக் களைத்திருக்கும் உங்களை நெடுநேரம் இருத்தி வைக்க மாட்டேன். கொரோனா ஓய்ந்த நாள்முதல் நம் மக்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வினவும் ஒரு வினாவிற்கு மட்டும் விடை கூற விழைகிறேன். "கொரோனாதான் போய்விட்டதே, பின்னர் ஏன் காலமல்லாக் காலத்தில் இத்தனை காய்ச்சல்? இருமல் ஏன் மூன்று வாரமாகியும் விடுவதில்லை?" என்பதே அவ்வினா. சிலர் வினவும்போதே விடையையும் கொண்டு வந்து விடுகின்றனர். தடுப்பூசி போட்டதால் உடம்பு கெட்டுவிட்டது என்பார் ஒருவர். முகக்கவசம் அணிந்து அணிந்து எதிர்ப்பாற்றல் குன்றிவிட்டது என்பார் மற்றொருவர். இரண்டு விடைகளும் பிழையானவை. ஆனால் வினா பிழையன்று. காய்ச்சலின் காலம் மாறியது மெய்யே.

முதலில் நமக்குப் பழக்கமான காலத்தை நோக்குவோம். இன்புளுயன்சா என்னும் சளிக்காய்ச்சல் நாடெங்கும் ஒரே மாதத்தில் வருவதில்லை. சிறீநகரில் அது குளிர்காலத்தில் வருகிறது. தில்லியிலும் புனேயிலும் தென்மேற்குப் பருவமழையோடு, ஜூலை முதல் செப்டம்பர் வரை மிகுகிறது. சென்னையிலும் வேலூரிலும் நடத்தப்பெற்ற கண்காணிப்பில், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் உச்சம் பெறுவது பதிவாகியுள்ளது. நம் பள்ளத்தாக்கோ இரு மழைகளுக்கும் இடையே கிடக்கிறது. ஆனி, ஆடியில் மலைக்கு அப்பால் இடவப்பாதி கொட்டும்போது நமக்குச் சாரலும் காற்றும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கே உரிய மழை. இடையில் உள்ள மலையோ காய்ச்சலுக்குத் தடையாக இருந்ததில்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று வழிகளிலும் விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளில் நம் மக்கள் எவ்வாறு நெருக்கியடித்து அமர்ந்து செல்கின்றனர் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. மலையாளத்தில் காய்ச்சலுக்குப் 'பனி' என்றுதான் பெயர். தோட்டத்திலிருந்து இறங்கி வந்து 'பனி பிடித்திருக்கிறது' என்று கூறுவோரிடம், மார்கழிப் பனியைச் சொல்கிறாரா, மலையாளப் பனியைச் சொல்கிறாரா என்று நான் மறுபடியும் கேட்டுத் தெளிவதுண்டு.

இந்த ஒழுங்கு 2020 மார்ச்சு 25 அன்று அறுந்தது. ஊரடங்கு வந்தது, மூன்று மலைப்பாதைகளும் அடைபட்டன, ஜீப்புகள் நின்றன, பள்ளிக்கூடங்களும் மதரஸாக்களும் மூடப்பட்டன. அவ்வாண்டு ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படவில்லை. கஞ்சிக்குரிய அரிசி வீடுகளுக்குச் சென்றது. தமிழகத்தின் வழிபாட்டுத் தலங்கள் அனைத்தும் திறக்கப்பட 2020 செப்டம்பர் 1 வரை காத்திருந்தோம். அந்த மாதங்களில் கொரோனாவைப் பற்றியே அனைவரும் பேசினோம். ஆனால் சத்தமின்றி மற்றொன்றும் நிகழ்ந்தது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் இன்புளுயன்சா, உலகம் முழுவதும் ஏறத்தாழக் காணாமற் போயிற்று. அமெரிக்காவில் 2019-20 பருவத்தில் இன்புளுயன்சாவால் இறந்ததாகப் பதிவான குழந்தைகள் 199 பேர். அடுத்த பருவத்தில் ஒரே ஒரு குழந்தை.

அதே ஊரடங்கு, அதே முகக்கவசம். கொரோனா நிற்கவில்லை, இன்புளுயன்சா மட்டும் எவ்வாறு நின்றது? நம் வணிகப் பெருமக்களுக்கு எளிதில் விளங்கும் கணக்கு ஒன்று உண்டு. இன்புளுயன்சா கண்ட பத்துப் பேர், ஏறக்குறைய பதின்மூன்று பேருக்கு அதனைக் கொடுப்பர். தொடக்க காலக் கொரோனா கண்ட பத்துப் பேரோ இருபத்தைந்து, முப்பது பேருக்குக் கொடுத்தனர். நாம் விலகி இருந்ததால் பரவல் பாதியாகக் குறைந்தது என வைத்துக் கொள்ளுங்கள். கொரோனாவில் பத்து, பன்னிரண்டோ பதினைந்தோ ஆகும். ஆகவே நோய் வளர்ந்துகொண்டேயிருக்கும். இன்புளுயன்சாவில் பத்து, ஆறரை ஆகும், ஆறரை நான்காகும், சில வாரங்களில் முதலே கரைந்துவிடும். விமானங்கள் நின்றதால், ஒரு நாட்டில் கரைந்த முதலை மற்றொரு நாட்டிலிருந்து கொண்டு வந்து ஈடுசெய்யவும் வழியில்லாமற் போயிற்று. சாதாரணத் தடுமனைத் தரும் ரைனோ வைரஸ் மட்டும் ஊரடங்கிலும் உலவிற்று. அதற்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆதலின் கைகளில் நாம் தடவிய சாராயக் கரைசல் அதனை எளிதில் கொல்வதில்லை.

இனி, மறைந்தது திரும்பிய கதைக்கு வருவோம். கைக்குழந்தைகளின் மூச்சுக்குழலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் ஆஸ்திரேலியாவில் 2020-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வரவில்லை. அதன் மேற்கு மாநிலத்தில் அவ்வாண்டின் இறுதியில், கொளுத்தும் கோடையில், முந்தைய ஆண்டுகளை விஞ்சி வந்தது. நம் தமிழகத்தில் 2022-இல் ஐப்பசிக்கு முன்னரே காய்ச்சல் மிகுந்தது. செப்டம்பர் 21 அன்று அரசு ஒரே நாளில் 1000 காய்ச்சல் முகாம்களை நடத்திற்று. அவ்வாண்டு டிசம்பர் நடுவிலிருந்து எச்3என்2 என்னும் இன்புளுயன்சா நாடெங்கும் பரவி, 2023 பிப்ரவரி, மார்ச்சில் ஓங்கியது. மாசி மாதத்தில், மழையின் சுவடே இல்லாத வேளையில், வீட்டுக்கு வீடு இருமல்! 2023 மார்ச்சு 10 அன்று மீண்டும் 1000 முகாம்கள். புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்குப் பள்ளிகளையே மூடினர். காய்ச்சல் மூன்று நாளில் தணியும், இருமல் மூன்று வாரம் வரை நீடிக்கும் என்று இந்திய மருத்துவச் சங்கம் அப்போது அறிவித்தது. உங்கள் மூன்று வார இருமல் அதுதான்.

காலம் தவறியதற்குக் காரணம் முகக்கவசமன்று, தடுப்பூசியுமன்று. எவருடைய உடம்பும் பலம் இழந்துவிடவில்லை. ஈராண்டுகள் இன்புளுயன்சாவைச் சந்திக்காதவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. 2020-இல் பிறந்த குழந்தை முதன்முறையாகச் சளிக்காய்ச்சலைக் கண்டதே மூன்று வயதில் என்றால், அதற்கு முன்பிறந்தோர் ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாகச் செலுத்திய கடனை அது ஒரே தவணையில் செலுத்திற்று. எரிபொருள் அவ்வளவு சேர்ந்திருந்தமையால் வைரஸ் மழைக்காலத்திற்காகக் காத்திருக்கவில்லை.

பெரியவர்கள் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், இவ்வாறு நிகழ்வது முதன்முறையன்று என்பதை உணர்வீர்கள். 1918-இல் பம்பாய்த் துறைமுகம் வழியே நுழைந்து, நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்ற பெருங்காய்ச்சலின் வைரஸ், அதன்பின் அழிந்துவிடவில்லை. அதுவே ஆண்டுதோறும் வரும் எளிய பருவக் காய்ச்சலாக மாறி 1957 வரை வாழ்ந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலில் புதிய ஆசியக் காய்ச்சல் வந்திறங்கிற்று. கப்பலின் பெயர் ரஜூலா. பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நம் முன்னோர் பலர் ஏறிய அதே ரஜூலாதான். அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் இந்தியாவில் பதிவானோர் 44 இலட்சத்து 51 ஆயிரத்திற்கும் மேல், இறந்தோர் 1098. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்புளுயன்சா மையம் அதனை ஆய்ந்து உலகிற்கு எழுதியது. புதியது வந்ததும் பழைய பருவக் காய்ச்சல் மறைந்தது. 1968-இல் ஹாங்காங் காய்ச்சல் வந்து 1957-இல் வந்ததை வெளியேற்றிற்று. 2023 மாசியில் நம்மை இருமச் செய்த எச்3என்2, அந்த 1968-ஆம் ஆண்டு விருந்தாளியின் வழித்தோன்றலே. 1977-இல் திரும்பி வந்த பழைய எச்1என்1 வகையை 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சல் துடைத்தெறிந்து, அதன் இருக்கையில் அமர்ந்தது. கொள்ளைநோய் முடிந்தது என 2010 ஆகஸ்டு 10 அன்று அறிவித்த பின்னரும், 2015-ஆம் ஆண்டில் மட்டும் அந்த வைரஸ் இந்தியாவில் 42,592 பேரைத் தாக்கி 2,990 பேரைக் கொன்றது. முடிவு என்று அறிவிக்கப்படுவது அவசர நிலையின் முடிவு, வைரஸின் முடிவன்று.

கொரோனாவும் அவ்வாறே ஒன்றை வெளியேற்றி, தானும் அமர்ந்துவிட்டது. இன்புளுயன்சா பி வகையில் யமகட்டா என்னும் கிளை ஒன்று இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பின் உலகில் எங்கும் அது உறுதியாகக் கண்டறியப்படவில்லை. ஆதலின் தடுப்பூசியில் இனி அதற்கு இடம் வேண்டியதில்லை என 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் கூறிற்று. நான்கு வகைக்கான ஊசி மூன்று வகைக்கானதாகி வருகிறது. அமர்ந்துவிட்ட கொரோனாவோ இன்னும் ஒரு பருவத்திற்கு அடங்கவில்லை. 2023 மே 5 அன்று அவசர நிலை முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜே.என்.1 என்னும் புதிய வடிவம் கேரளத்தில் தென்பட்டது. நமக்கும் அதற்கும் இடையே ஒரு மலைதான்.

இவ்வளவும் கூறியது எதற்காக? நம் இல்லங்களில் காய்ச்சலை இன்றும் மாதத்தை வைத்தே எடைபோடுகிறோம். ஐப்பசியில் வந்தால் 'மழைக்காய்ச்சல், தானே போகும்' என்கிறோம். மாசியில் வந்தால் 'வெயில் சூடு' என்று இளநீர் கொடுக்கிறோம். இளைஞர்க்கு இதனால் கேடில்லை. நன்னா, நன்னிமார்க்கும், சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா உள்ளோர்க்கும், கருவுற்ற பெண்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும் அந்த முதல் இரண்டு நாட்களே உயிர்நாடி. இன்புளுயன்சாவிற்குரிய ஓசெல்டாமிவிர் மாத்திரை, 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்தரும். நாம் அந்த இரண்டு நாளை மருந்துக்கடை மாத்திரையிலும் ஓர் ஊசியிலும் கழித்துவிட்டு, மூச்சு வாங்கத் தொடங்கிய பின் க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் தேடுகிறோம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. 2023-இல் மருத்துவச் சங்கம் இதனை வெளிப்படையாகவே எச்சரித்தது. முதியவர் உணவை மறுத்தாலோ, பேச்சில் தடுமாறினாலோ, தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ நாட்காட்டியைப் பாராமல் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அன்றே அழைத்துச் செல்லுங்கள். டெங்குவும் இதே மாதங்களில் இதே முகத்தோடு வருவதால் இரத்தப் பரிசோதனையை மறுக்காதீர்கள்.

காய்ச்சலோடும் இருமலோடும் ஜும்ஆவிற்கு வந்து முதல் வரிசையில் நிற்பதைச் சிலர் பேணுதல் எனக் கருதுகின்றனர். நோயாளிக்குள்ள சலுகையை இமாம் அவர்கள் என்னைவிட நன்கு விளக்குவார்கள். அவ்வரிசையில் இருபுறமும் நிற்போர் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள் என்பதை மட்டும் நான் சொல்லி வைக்கிறேன். மதரஸாப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு அளிக்குமாறு நிர்வாகக் குழுவிடம் வேண்டியுள்ளேன், இசைந்துள்ளனர்.

ஹஜ், உம்ரா செல்வோருக்கு ஒரு குறிப்பு. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளும் நம் நாட்டிலிருந்து எவரும் ஹஜ்ஜிற்குச் செல்ல இயலவில்லை. இப்போது பல நாட்டுக் காய்ச்சல்களும் மீண்டும் ஓரிடத்தில் கூடுகின்றன. வைரஸ் உருமாறுவதால் இன்புளுயன்சா ஊசி ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. சென்ற முறை போட்டது இம்முறைக்குப் போதாது. ஆற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே பெட்டி கட்டும் நாளில் என்னிடம் வராமல், புறப்படுவதற்கு ஒரு மாதத்திற்கு முன்னரே வாருங்கள். இனி உங்கள் வினாக்களுக்கு விடையளிக்கிறேன். வஸ்ஸலாம்.