சாவியைத் திருப்பாதீர்!



டீசலில் ஓடும் வேனில் பெட்ரோலை ஊற்றிவிடுவது, அவசரத்தில் நம்மில் எவர்க்கும் நேரக்கூடிய பிழையாகும். பெட்ரோல் குழாயின் முனை சிறியது. டீசல் தொட்டியின் வாயில் தடையின்றி நுழைந்துவிடும். பிழையை உணர்ந்ததும் நாம் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றே: சாவியைத் திருப்பலாகாது.

டீசல் வெறும் எரிபொருளன்று. பம்பின் உட்பாகங்கள் தேயாமல் காக்கும் வழுவழுப்பும் அதுவே தருகிறது. பெட்ரோலுக்கு அக்குணம் இல்லை. எஞ்சின் ஓடினால் பம்பு தேய்ந்து, இரும்புத்துகள்கள் எங்கும் பரவும். ஓடாதிருந்தால், தொட்டியை வடித்துத் துப்புரவு செய்வதோடு செலவு முடியும்.

ஆகவே, கியரை விடுவித்து வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பட்டறைக்காரரை அழைப்போம். ரப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுதல் கூடாது. பெட்ரோல் நுரையீரலிற் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் வண்டியில் டீசல் விழுந்தாலும் முறை இதுவே.

பிறர் வண்டியை ஓட்டுவோர் ஏச்சுக்கு அஞ்சிப் பிழையை மறைப்பதுண்டு. மறைத்து ஓட்டிய சில நிமிடங்களே சிறு செலவைப் பெருங்கடனாக்கிவிடும். எனவே, பிழை செய்தால் உடனே உரைப்போம், உரைத்தவரைக் கடியாதிருப்போம்.